75 நாள் புல்லை மாடு ஏன் ஒதுக்கியது: கம்பு நேப்பியரை அறுத்துப் பார்த்த பதிவு

சென்ற ஆடியில் எங்கள் தொழுவத்துக் காடியில் பாதிப் புல் மிஞ்சிக் கிடந்தது. அறுப்புக்கு ஆள் கிடைக்காமல், 45 நாளில் அறுக்க வேண்டிய மறுதாம்புப் புல் (அறுத்த கட்டையிலிருந்து மீண்டும் தழைத்த கம்பு நேப்பியர் தீவனப் புல்) 75 நாள் நின்றுவிட்டது. ஆளுயரத்தைத் தாண்டி வளர்ந்து, பார்க்கக் கண்ணுக்கு நிறைவாகத்தான் இருந்தது. மாடுகளோ இலையை மட்டும் உருவித் தின்றுவிட்டுத் தட்டையை மூக்கால் தள்ளிவிட்டன. நான்காம் நாளே பால் குறைந்தது. அத்தை காடியிலிருந்து ஒரு தட்டையை எடுத்து இரண்டு கையாலும் வளைத்தார். அது வில்லாக வளைந்ததே தவிர ஒடியவில்லை.

"நாரைப் போட்டுவிட்டுத் தீனி போட்டோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம் கண்ணு" என்றார்.

நான் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் நடத்துகிறவள். ஒருவித்திலைத் தண்டின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைகிறேன். அந்தப் படத்தையும் அத்தை கையில் வளைந்த தட்டையையும் சேர்த்துப் பார்க்க இத்தனை வருடம் தோன்றவில்லை. அன்று தோன்றியது. அடுத்த அறுப்பில் கட்டையிலிருந்து புதுத் தூர் கிளம்பும் நாள் முதல் குறித்து வைத்து, ஒவ்வொரு பருவத்திலும் புல்லைக் குறுக்கே சீவி நுண்ணோக்கியில் பார்ப்பது என்று முடிவு செய்தேன். அந்த மூன்று மாத வேலையின் பதிவு இது.

எங்கள் நிலம் கோபிசெட்டிபாளையம் பக்கம். அதில் 20 சென்ட் புல்லுக்கு. இரகம், கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் 2008-இல் வெளியிட்ட கோ 4. கம்பையும் நேப்பியர் புல்லையும் ஒட்டுச் சேர்த்தது. கம்பின் குரோமோசோம் 14, நேப்பியரின் குரோமோசோம் 28; இரண்டிலும் பாதி பாதி வந்து பிள்ளைக்கு 21. ஒற்றைப்படை என்பதால் இணை சேர முடியாமல் விதை பிடிப்பதில்லை. வரப்போரம் அறுக்காமல் விட்ட இரண்டு தூர்கள் பிறகு மார்கழியில் கதிர் தள்ளின. கதிரை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தேன். உமி போலச் சில செதில்கள் மட்டும்தான் உதிர்ந்தன. அதனால்தான் இதை எப்போதும் இரண்டு கணு உள்ள கரணையாக (தண்டுத் துண்டாக) நடுகிறோம். 60-க்கு 50 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் முதல் அறுப்பு 75 முதல் 80 நாளில், பிறகு 45 நாளுக்கு ஒருமுறை. கூட்டிப் பார்த்தால் ஓர் ஆண்டில் ஏழு அறுப்பு.

கருவிகள்

பழைய மாணவர் நுண்ணோக்கி ஒன்று. 100 மடங்கும் 400 மடங்கும் பெரிதாக்கும். சவர பிளேடு ஒரு கட்டு. கேரட். ஓவியத் தூரிகை, மணிக்கண்ணாடி, கண்ணாடித் தகடுகள். சாயத்துக்குச் சஃப்ரனின், மாவுப்பொருள் பார்க்க அயோடின் கரைசல், ஸ்பிரிட். செலவு என்று பார்த்தால் பிளேடுதான். புல்லின் புறத்தோலில் சிலிக்கா மணிகள் வரிசை வரிசையாகப் பதிந்திருக்கின்றன. நாலைந்து சீவல் எடுப்பதற்குள் பிளேடின் முனை மழுங்கிவிடும். முதல் வாரம் இது புரியாமல் ஒரே பிளேடை வைத்துக்கொண்டு மல்லுக்கு நின்றேன். எடுத்த சீவலெல்லாம் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்து ஆப்பு மாதிரி வந்தது. பிளேடை நான்காக உடைத்து, ஒரு துண்டுக்கு மூன்று சீவல் என்று கணக்கு வைத்துக்கொண்ட பிறகுதான் வேலை படிந்தது.

இலையைச் சீவ அதை நேராகக் கையில் பிடிக்க முடியாது. கேரட்டில் கீறல் போட்டு, நடுநரம்பு இல்லாத இலைத்துண்டை அதில் செருகி, கேரட்டோடு சேர்த்துச் சீவ வேண்டும். பிளேடையும் கேரட்டையும் நனைத்துக்கொண்டு, நம்மை நோக்கி ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும்; முன்னும் பின்னும் அரம் போல் ஆட்டினால் திசு கிழிந்துவிடும். சீவல்களைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற ஒன்றைத் தூரிகையால் தொட்டெடுக்க வேண்டும். இருபது எடுத்தால் இரண்டு தேறும்.

முதல் மூன்று வாரம்: தண்டே இல்லாத தண்டு

அறுத்த ஆறாம் நாள் கட்டையின் அடியிலிருந்து தூர்கள் ஊசி ஊசியாக வெளியே வந்தன. பத்துத் தூர்களில் சிவப்பு நூல் கட்டினேன். இலையின் தாளும் உறையும் சேரும் இடத்தை நான் கழுத்து என்று குறித்துக்கொண்டேன். உள்பக்கம் சிறு மயிர்கள் வேலி போல நிற்பதால் கண்டுபிடிப்பது எளிது. கழுத்து வெளியே தெரிந்த இலையை மட்டும் முழு இலையாக எண்ணினேன். குருத்துக்குள் சுருண்டிருப்பது கணக்கில் இல்லை.

20-ஆம் நாள் ஒரு தூரைத் தோண்டி எடுத்து நெடுக்காகப் பிளந்தேன். வெளியே இடுப்பளவு உயரம். உள்ளே, உறைகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டு தண்டு போலத் தோற்றம் காட்டிக்கொண்டிருந்தன. உண்மையான தண்டு மண்மட்டத்தில் ஒரு விரற்கடை நீளம்கூட இல்லை. அதில் கணுக்கள் மோதிரம் அடுக்கியது போல நெருக்கமாக இருந்தன. உச்சியில் வெண்மையாக, ஊசிமுனை அளவில் வளர்நுனி. மேலே தெரிந்த அத்தனை பசுமையும் அந்த முனையிலிருந்து பிறந்ததுதான். இந்தப் பருவத்தில் ஆடு மேய்ந்தாலும் அரிவாள் பட்டாலும் போவது இலை மட்டும். வளர்நுனி மண்ணோடு ஒட்டிப் பத்திரமாக இருக்கிறது.

25 நாளுக்கு மேல் கணுவிடைகள் நீளத் தொடங்கின. இதில் ஒன்றைக் கையால் தொட்டுப் பார்த்தே அறியலாம். கணுவிடை தன் நுனியில் வளர்வதில்லை. கணுவுக்குச் சற்று மேலே, உறை மூடியிருக்கும் அடிப்பகுதியில் வளர்கிறது. உறையை உரித்தால் அந்த இடம் வெள்ளையாக, ஈரமாக, நகம் பட்டாலே நசுங்கும் அளவுக்கு மென்மையாக இருக்கும். அதே கணுவிடையின் மேற்பகுதி அதற்குள் விறைத்துவிட்டிருக்கும். சின்ன வயதில் கம்பங்காட்டில் குருத்தை உருவி அடியைக் கடித்திருக்கிறேன். அந்த இனிப்பு வளர்திசுவின் இனிப்பு என்று இப்போது தெரிகிறது.

இலைக்குள்: பசுமையான மாலை

கோ 4-இன் இலையை முதன்முதலில் தெளிவாகப் பார்த்த அன்று அரை மணி நேரம் நுண்ணோக்கியை விட்டு நகரவில்லை. ஒவ்வொரு நரம்புக் கற்றையையும் சுற்றிப் பெரிய செல்கள் வட்டமாக நிற்கின்றன. அவற்றில் பசுங்கணிகங்கள் கரும்பச்சையாக, கற்றைக்கு எதிர்ப்புறமாக, வெளிச்சுவரோடு ஒதுங்கி அடைந்திருக்கின்றன. இதுதான் கற்றை உறை. ஜெர்மன் மொழியில் மாலை என்று பொருள்படும் 'கிரான்ஸ்' என்ற பெயரை 19-ஆம் நூற்றாண்டில் ஹாபர்லாண்ட் என்ற தாவரவியலாளர் இதற்கு வைத்தார். பார்த்தால் வேறு பெயர் தோன்றாது. மாலையைச் சுற்றி இலையிடைச் செல்கள் கதிர் கதிராக நிற்கின்றன. ஒரு மாலைக்கும் அடுத்த மாலைக்கும் நடுவே இரண்டு மூன்று செல்களுக்கே இடம். ஒவ்வொரு இலையிடைச் செல்லும் ஏதாவது ஒரு மாலையைத் தொட்டபடியோ ஒரு செல் தள்ளியோதான் இருக்கிறது.

அந்த நெருக்கத்துக்குக் காரணம் உண்டு. இலையிடைச் செல் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து நான்கு கார்பன் அமிலமாக்கி மாலைக்குள் தள்ளுகிறது. மாலைக்குள்ளேதான் அது சர்க்கரையாகிறது. ஹாட்ச், ஸ்லாக் இருவரும் 1960-களில் ஆஸ்திரேலியாவில் கரும்பை வைத்து விளக்கிய வழி இது. கரும்பும் கம்பும் சோளமும் நேப்பியரும் இதே வழியைப் பின்பற்றுகின்றன. சித்திரை வெயிலில் மற்ற பயிர் வாடும்போது இந்தப் புல் மளமளவென்று ஏறுவது இதனால்தான்.

மாவுப்பொருள் மாலைக்குள் மட்டும்தான் சேர்கிறதா என்று பார்க்க ஆசைப்பட்டேன். காலை ஐந்து மணிக்குப் புல் அறுக்கப் போனபோதே இலையையும் பறித்து வந்தேன். சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் ஸ்பிரிட் கிண்ணத்தை வைத்துப் பச்சையை நீக்கி (அடுப்பை அணைத்த பிறகுதான் ஸ்பிரிட்டைப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும், அதன் ஆவி சட்டென்று பற்றிக்கொள்ளும்), அயோடினில் இட்டேன். எங்கும் வெளிர் மஞ்சள்தான், நீலத்தின் சுவடே இல்லை. அயோடின் கெட்டுவிட்டதோ என்று ஒரு சோற்றுப் பருக்கையில் விட்டுப் பார்த்தேன், கருநீலமாக மாறியது. அப்புறம்தான் உறைத்தது. பகலில் சேர்த்த மாவை இலை இரவெல்லாம் கரைத்துச் செலவழித்துவிடுகிறது. விடிகாலை இலையில் மாவைத் தேடியது என் பிழை. மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பறித்த இலையில் மாலைகள் மட்டும் கருநீலம், இலையிடைச் செல்கள் வெறும் மஞ்சள். பக்கத்து வயல் நெல் இலையையும் அப்படியே செய்து பார்த்தேன். நெல்லில் நரம்பைச் சுற்றிய உறை வெளிறிக் கிடக்கிறது. நரம்புகளுக்கு இடையில் இலையிடைச் செல்கள் தாராளமாகப் பரவியிருக்கின்றன.

இங்கேதான் மாட்டின் பிரச்சினையும் தொடங்குகிறது. மாலைகள் நெருக்கமாக இருந்தால் நரம்புகளும் நெருக்கமாகத்தான் இருக்கும். நரம்பு இருக்கும் இடத்தில் அதைத் தாங்க ஸ்கிளிரென்கைமா என்ற தடித்த சுவருள்ள நார் இருக்கும். பெரிய நரம்புகளில் இந்த நார் மேல் புறத்தோலிலிருந்து கீழ்ப் புறத்தோல் வரை தூண் போல நிற்கிறது. இலையைத் தலைக்கு மேலே விரித்துப் பிடிக்கும் சட்டம் அது. வெப்பத்தில் விளைச்சலைக் கொட்டும் அமைப்பே நாரையும் கூட்டிவைத்துக்கொண்டு வருகிறது. நம் ஊர்ப் புல்லில் அறுக்கும் நாள் தவறினால் இழப்பு பெரிதாக இருப்பதற்கு நான் கண்ட காரணம் இது.

ஒரே தட்டையில் பல வயது

தண்டுக்கு வெவ்வேறு நாள் புல் தேவையே இல்லை என்பதை 45-ஆம் நாள்தான் கண்டேன். ஒரே தட்டையில் மேலிருந்து கீழே போகப் போக வயது கூடுகிறது. உச்சிக்கு அடுத்த கணுவிடை சில நாள் குழந்தை, அடிக்கணுவிடை மூத்தது. ஆகவே ஒரு தட்டையை எடுத்து, ஒவ்வொரு கணுவிடையின் நடுவிலிருந்தும் ஒரு சீவல் எடுத்து வரிசையாக வைத்தேன்.

சாயம் ஏற்றுவதில் முதல் நாள் தோற்றேன். சஃப்ரனினில் பத்து நிமிடம் விட்டதில் எல்லாமே குங்குமம் கொட்டியது போலாகிவிட்டது. மூன்று நிமிடம் போதும். பிறகு பாதித் தண்ணீர் கலந்த ஸ்பிரிட்டில் அலசினால் மெல்லிய சுவர்கள் சாயத்தை விட்டுவிடும், லிக்னின் (செல்சுவரை மரம் போல் இறுக்கும் பொருள்) ஏறிய சுவர்கள் விடாது.

மேலிருந்து இரண்டாம் கணுவிடையில் சிவப்பு புள்ளி புள்ளியாகத்தான் இருந்தது: ஒவ்வொரு கற்றையிலும் நீர் கடத்தும் இரண்டு பெரிய சைலக் குழாய்கள், கண்கள் போல. அவற்றின் நடுவே கீழே ஒரு வெற்றிடம், வாய் போல. பாடப்புத்தகத்தில் குரங்கு முகம் என்று பிள்ளைகள் சிரிக்கும் அதே கற்றை. மற்றதெல்லாம் நிறமற்ற பாரன்கைமா என்ற மெல்லிய சுவர்ச் செல்கள், தேன்கூடு போல. நான்காம் கணுவிடையில் தோலுக்கு அடியில் மெல்லிய சிவப்பு வளையம் தோன்றியது. ஓரத்துச் சிறு கற்றைகள் அந்த வளையத்துக்குள் புதைந்துவிட்டன. ஆறாவதில் வளையம் தடித்து, கற்றைகளுக்கு இடையிலிருந்த பாரன்கைமாச் சுவர்களும் வெளியிலிருந்து உள்நோக்கிச் சிவக்கத் தொடங்கியிருந்தன. நடுப்பகுதி மட்டும் இன்னும் வெள்ளை.

ஆளில்லாமல் நின்றுபோன அந்த 75 நாள் புல்லை மறுபடி உண்டாக்க, ஒரு வரிசையை அறுக்காமல் விட்டிருந்தேன். அதன் நடுக்கணுவிடையே 45-ஆம் நாளின் அடிக்கணுவிடையை விட மோசம். பாரன்கைமாவில் பாதிக்கு மேல் சிவப்பு. சீவும்போதே காதுக்குக் கேட்டது. இளந்தண்டு சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு வரும், இது நறநறவென்றது. தராசிலும் வைத்துப் பார்த்தேன். 45 நாளில் ஒரு கிலோ தண்டுக்கு முக்கால் கிலோ அளவுக்கு இலை இருந்தது. 75 நாளில் அரைக் கிலோகூட இல்லை, அடியிலைகள் காய்ந்தும் போயிருந்தன. இரண்டு இழப்பும் ஒன்றாக வருகின்றன: தண்டின் பங்கு கூடுகிறது, அந்தத் தண்டும் மரமாகிறது.

சாணத்தைக் கழுவியது

லிக்னின் ஏறிய சுவரை மாட்டின் வயிற்று நுண்ணுயிர்கள் கரைக்க மாட்டா என்று வகுப்பில் சொல்லிவிடலாம். எனக்குக் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு மாட்டுக்கு மட்டும் வைக்கோலை நிறுத்தினோம். நெல்லின் புறத்தோல் துண்டுகளும் புல்லின் துண்டுகளும் குழம்பிவிடக் கூடாது. ஐந்து நாள் 45 நாள் புல்லை மட்டும் போட்டு, பழைய தீனி வயிற்றிலிருந்து நகர்ந்த பிறகு ஒரு கைப்பிடி புதுச் சாணம் எடுத்தேன். பிறகு ஐந்து நாள் 75 நாள் புல், மறுபடி ஒரு கைப்பிடி. ஒவ்வொன்றையும் வாளித் தண்ணீரில் கரைத்து, டீ வடிகட்டியில் ஊற்றி, தண்ணீர் தெளியும் வரை அலசினேன். பத்துப் பன்னிரண்டு முறை ஆனது. வடிகட்டியில் தங்கியது வாசனையே இல்லாத, வெளிறிய நார்ப்பொடி.

45 நாள் சாணத்தில் நார்கள் நீளமில்லை, தனித்தனியாகப் பிரிந்திருந்தன. சைலக் குழாயின் சுருள் தடிப்புகள் மட்டும் பேனா ஸ்பிரிங் போலக் கழன்று கிடந்தன. குழாயைச் சுற்றியிருந்த எல்லாம் செரித்துப் போய், சுருள் மட்டும் மிச்சம். இலையிடைச் செல் ஒன்றைக்கூடக் காணவில்லை. தோல் துண்டுகள் இருந்தன, அவற்றில் டம்பெல் வடிவச் சிலிக்கா மணிகள் வரிசை கலையாமல் மின்னின.

75 நாள் சாணத்தில் வடிகட்டியில் நின்ற அளவே கண்ணுக்குத் தெரிந்து அதிகம். தகட்டில் வைத்தபோது தண்டுத் துண்டுகள் முழுசாக இருந்தன: கற்றை, அதைச் சுற்றிய நார், ஒட்டிக்கொண்ட பாரன்கைமா, எல்லாம் சாயம் ஏற்றாமலே அடையாளம் தெரியும்படி. இலைத் துண்டு ஒன்றில் கற்றை உறை செல்கள் உடையாமல் மாலையாகவே இருந்தன. தடித்த சுவருக்குள் சத்து பூட்டியபடியே வாயில் போய், நான்கு வயிற்றையும் கடந்து, சாணமாக வெளியே வந்திருந்தது.

அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, நெடுநேரம் பேசாமல் பார்த்தார்.

"இது காடியில் கிடந்த தட்டைதானே கண்ணு? தின்னாமல் தள்ளியதும் இதுதான், தின்று தள்ளியதும் இதுதான்."

"ஆமாம் அத்தை. அது தள்ளியதில் தப்பே இல்லை."

"அப்படியானால் 30 நாளிலேயே அறுத்துவிட வேண்டியதுதானே?"

கேள்வி சரியானது. அதற்குப் பதில் மேலே இல்லை, கட்டையில் இருக்கிறது. 20, 30, 45-ஆம் நாள்களில் ஒவ்வொரு தூரின் அடிக்கட்டையைச் சீவி அயோடினில் இட்டேன். 20-ஆம் நாள் கட்டையில் மாவு மணிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன. 30-இல் சற்றுக் கூடுதல். 45-இல் கற்றைகளைச் சுற்றியிருந்த பாரன்கைமா செல்கள் கருநீல மணிகளால் நிறைந்திருந்தன. அறுத்த மறுநாள் இலையே இல்லாத தூர் எதை உண்டு துளிர்க்கும்? இந்த மாவைத்தான். 30 நாளுக்கு ஒருமுறை அறுத்தால் சேமிப்பு நிறையும் முன்பே செலவாகும். அப்படியே தொடர்ந்தால் தூர் மெலிந்துபோகும். இளம்புல்லில் ஆக்சலேட் என்ற உப்பும் அதிகம். அது மாட்டுக்குக் கிடைக்க வேண்டிய சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போடும். 45 நாள் என்று சொல்லிக்கொடுக்கப்பட்டதன் ஒரு முனை தண்டின் சிவப்பு வளையத்திலும் மறுமுனை கட்டையின் நீலத்திலும் இருக்கிறது.

மாற்றியவை

புல்லை இப்போது இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு நறுக்கிப் போடுகிறோம். முன்பு சோம்பலில் முழுசாகப் போட்டதுண்டு. மெழுகு பூசிய தோலைத் துளைத்து நுண்ணுயிர்கள் உள்ளே போவது கடினம். வெட்டு வாய் வழியாகவும் கிழிந்த இடங்கள் வழியாகவும்தான் பெரும்பாலும் நுழைகின்றன. நறுக்கினால் வெட்டு வாய்கள் கூடும். ஆனால் லிக்னினை இயந்திரம் குறைக்காது. 75 நாள் புல்லை எவ்வளவு பொடியாக நறுக்கினாலும் அது 75 நாள் புல்தான். மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு வேலிமசால் என்ற பயறுவகைத் தீவனத்தையும் சேர்க்கிறோம், புரதத்துக்காகவும் சுண்ணாம்புச் சத்துக்காகவும்.

பெரிய மாற்றம் நிலத்தில். முன்பு 20 சென்ட்டையும் ஒரே வாரத்தில் அறுக்கத் தொடங்கி, மாடு தின்று முடிக்கும் வேகத்துக்கு இழுத்துக்கொண்டே போவோம். முதலில் அறுத்தது 45 நாள் புல், கடைசியில் அறுத்தது 70 நாள் புல். இப்போது கயிறு பிடித்து ஒன்பது பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் எண் எழுதிய குச்சி நட்டிருக்கிறோம். ஒரு பட்டை ஐந்து நாள் தீனி. ஒன்பதாவது முடியும்போது முதல் பட்டைக்கு 45 நாள் ஆகிவிடும். ஆள் வரவில்லை என்றால் ஒரு பட்டையை நானும் அத்தையும் அறுத்துக்கொள்கிறோம். இலையோரம் கையைக் கிழிக்கும் என்பதால் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு.

இன்று ஐந்தாம் பட்டைக்கு 44-ஆம் நாள். நூல் கட்டிய தூர்களில் கழுத்து தெரிந்த இலை பத்து, நீண்ட கணுவிடை ஆறு. அத்தை அரிவாளைச் சாணைக்கல்லில் தீட்டி வைத்துவிட்டார்.